கண் திறக்காத பொம்மை

அம்புஜவல்லியின் ஜெராக்ஸ் கடையில் கால் வைக்காத ஆள் விருத்தாசலத்தில் இருக்க முடியாது. பட்டா நகல், சாதிச் சான்று, ஆதார் அட்டை, செத்தவர் படத்தைப் பெரிதாக்குவது என்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் பெட்டிக்கடை அளவு இடத்தில் காலையிலிருந்து ஒரே நெரிசல். எல்லோரும் அவளிடம் பேசத்தான் செய்வார்கள். என்ன பேசுவார்கள்? "ரெண்டு பக்கமும் எடுத்துடும்மா", "என்னா இது, எழுத்து மங்கலா விழுது", அவ்வளவுதான். வீட்டிலும் அதே லட்சணம். புருஷன் கலியமூர்த்தி பீங்கான் பியூஸ் கட்டைகளை ஏற்றிக்கொண்டு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வேன் ஓட்டுகிறவன். கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் "சோறு ஆச்சா" என்பான். மகன் அறிவழகன் காதில் செருகியதை எடுக்காமலே அதையே கேட்பான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் "நீ சாப்ட்டியா" என்று அவளைப் பார்த்து அந்த வீட்டில் ஒரு பல்லிகூடக் கேட்டதில்லை.

கேட்டவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரையும் அவள் நேரில் பார்த்ததே கிடையாது.

போன ஆடி மாதம் கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் யாரோ ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'வேல்விழி என்ற பெண் ரயில் ஏறினாள். இன்னும் இறங்கவில்லை. தேடுகிறீர்களா?' என்று எழுதி, கீழே போனைக் காட்டினால் திறக்கிற கறுப்புக் கட்டம் ஒன்று. கூட்டமில்லாத மத்தியானத்தில் அவள் சும்மா போனைக் காட்டினாள். அது ஒரு விளையாட்டு. முகம் தெரியாத யாரோ நடத்துவது. வேல்விழி என்று ஒருத்தி உலகத்தில் இல்லை. ஆனாலும் அவள் பேசிய குரல் போனுக்கு வரும். ஏதோ ஒரு ஊர்ச் சுவரில் அவள் கிறுக்கிய வரி இருக்கும். ஒரு நம்பருக்கு அடித்தால் அவள் அழுகிற சத்தம் கேட்கும். குழுவுக்கு ஐந்து பேர். துப்புகளைச் சேர்ந்து உடைத்து, அவள் எங்கே இறங்கப்போகிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பரிசு என்னவென்று கேட்டால் 'வேல்விழி கிடைப்பாள்' என்று மட்டும் பதில் வந்தது.

அம்புஜவல்லியோடு சேர்ந்தவர்களில் சேரன் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். இனியா பெங்களூரில் ஆபீஸ் வேலை, ஹாஸ்டல் வாசம். சுப்புராயன் சார் புதுச்சேரியில் ரிட்டயரான தமிழ் வாத்தியார்; வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது தப்பு செய்திருப்பார், ஆனால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அன்பரசன் சார்ஜாவில் ஏசி மெக்கானிக், சொந்த ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நல்லூர். அவன்தான் முதல் நாளே "அக்கா" என்று ஆரம்பித்தவன். எதைப் பேசினாலும் கடைசியில் "சாப்ட்டீங்களாக்கா?" என்று ஒரு குரல் அனுப்புவான். தொழிலுக்குப் போன இடத்தில் வெல்டிங் சத்தம், லிப்ட் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்.

துப்பு உடைக்கிறது ஒரு பங்கு என்றால் வெட்டிப் பேச்சு மூன்று பங்கு. வேல்விழியின் குரலுக்குப் பின்னால் கேட்ட வியாபாரியின் கூவலை வைத்து அது எந்த ஸ்டேஷன் என்று சேரன் சொன்னான். சுவரில் திருப்பிப் போட்டு எழுதியிருந்த வரியை அம்புஜவல்லி கடை மெஷினில் மாற்றி எடுத்துப் படித்துக் காட்டினாள். சுப்புராயன் சார் ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய பாட்டிலிருந்து ஒரு பொருள் சொல்வார். பெரும்பாலும் எதற்கும் உதவாது, கேட்க நன்றாயிருக்கும். இனியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கு பேரும் துப்பை மூலையில் போட்டுவிட்டு, கஞ்சியில் என்ன போடுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அம்புஜவல்லி கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்து டீக்கடைக்காரர் கோவிந்தராசு, "என்னாம்மா, லாட்டரி வுழுந்துச்சா" என்றார். அவளுக்கு அதைவிடப் பெரிதாகத்தான் விழுந்திருந்தது.

மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாகத் திணறி நின்றுபோயின. இவர்கள் மட்டும் விடவில்லை. மாசி மாதம் கடைசித் துப்பு வந்தது. வேல்விழி சொன்னாள்: 'இந்த ஊரில் எதை எண்ணினாலும் ஐந்தில் நிற்கும். அங்கே கண் திறக்காதவளைக் கேளுங்கள். அவள் வயிற்றில் என் கடைசிச் சொல் இருக்கிறது.'

சுப்புராயன் சார் ஐந்து நிலம், ஐந்து பூதம் என்று ஒரு பாடமே எடுத்துவிட்டார். சேரன் விரல் என்றான். அம்புஜவல்லிக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பழமலைநாதர் கோயில் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து. "இது எங்க ஊருங்க" என்று எழுதினாள். அன்பரசன், "நம்ம ஊரு பக்கம்க்கா" என்று கத்திய கத்தலில் போனே அதிர்ந்தது. உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று இனியா துருவினாள். பீங்கான் பொம்மை என்றாள் அம்புஜவல்லி. "அப்ப கண்ணு தெறக்காதவ பொம்மைதான்க்கா. பொம்மைக்குக் கண்ணு கடைசியாதான வரைவாங்க?" என்றாள் இனியா. சுப்புராயன் சார்கூட ஒரு கைதட்டல் படம் அனுப்பினார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சேரன் ஒரு பேச்சுக்குக் கேட்டான், முடிஞ்சதும் எல்லாரும் என்ன பண்ணப்போறீங்க என்று. அவனே, "நான் இந்தப் போனத் தூக்கிக் கடாசிட்டு நிம்மதியாத் தூங்குவேன்" என்றான். இனியாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. கல்யாணமானால் இதற்கெல்லாம் நேரம் ஏது என்றாள். சுப்புராயன் சார் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாராம், முடித்துவிட வேண்டும் என்றார். அன்பரசன் மட்டும் வழக்கம்போல "சாப்ட்டீங்களாக்கா?" என்று அனுப்பினான். அம்புஜவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். சோறு ஆச்சா என்று கேட்கிற வீட்டுக்கும், ரெண்டு பக்கமும் எடு என்கிற கடைக்கும் நடுவில் இனி என்ன இருக்கிறது?

மறுநாள் ஜங்ஷன் ரோட்டில் பொம்மைக் கடை வைத்திருக்கும் கனிமொழியிடம் போய்க் கேட்டாள். கனிமொழி உடனே உள்ளே போய் ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புடவை வரைந்து, பொட்டு வைத்து, கண் மட்டும் வரையாத வெள்ளைப் பொம்மை.

"ஒரு பொண்ணு வந்து குடுத்துட்டுப் போச்சுக்கா. கண்ணு தெறக்காதவளக் கேட்டு யாராச்சும் வந்தா குடுங்கன்னுச்சு. ஒங்க வூட்டுப் பொண்ணா?"

"தெரிஞ்ச பொண்ணு" என்றாள் அம்புஜவல்லி.

பொம்மையின் அடியில் இருக்கும் ஓட்டையை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது. உடைத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் முடிந்துவிடும். கடைக்கு வந்து, பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் பொம்மையை வைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கண்ணே இல்லாத பொம்மைக்குப் பயந்த பொம்பளை அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பிறகு குழுவில் எழுதினாள்: "எல்லாக் கடையிலயும் கேட்டுட்டேன். அப்படி ஒண்ணும் இல்லங்கிறாங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் அவள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று சொல்ல வேண்டும். எங்கே தப்பு செய்தோம் என்று ஐந்து பேரும் முதல் துப்பிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள். கும்பகோணமாக இருக்குமோ என்றான் சேரன். பொம்மை இல்லை, பிறந்த பூனைக்குட்டி என்றார் சார். அம்புஜவல்லியும் மாவு சலிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் சலித்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவள் வெண்ணெயை ஒளித்து வைத்துவிட்டு அலைந்தாள், அதுவும் சந்தோஷமாக.

அன்பரசன் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்கு பங்குனில லீவு வருது. நானே நேரா வந்து கட கடயா ஏறி எறங்குறேன். நீங்களும் வாங்க. ஒங்களையும் பாத்தா மாரி இருக்கும்."

அவன் கனிமொழி கடையில் கேட்டால் என்ன ஆகும்? "வேணாம்ப்பா. அவ்ளோ தூரத்துலேர்ந்து எதுக்கு வீணா அலையிற? நான் ஒரு கடை வுடாம பாத்துட்டேன்."

"சரிக்கா" என்றான். பிறகு, "கதையில ரயிலுதான வருது? ஜங்ஷன்ல ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்களேன். சாப்ட்டீங்களாக்கா?" என்றான்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். அம்புஜவல்லியின் பொய்க்கு இருந்தது, அது அவளை ஜங்ஷனுக்கு நடத்திக்கொண்டு போயிற்று. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் போனாள். தேடுகிற மாதிரி நாலு போட்டோ எடுத்துப் போட்டால் அன்பரசனுக்குத் திருப்தியாக இருக்கும். கடிகாரம், தண்ணீர்க் குழாய், அறிவிப்புப் பலகை என்று எடுத்தாள். வெளி வாசலை ஒட்டின சிமென்ட் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலை நிறைய மல்லி, மடியில் பெரிய டிபன் கேரியர். வண்டியிலிருந்து கும்பலாக இறங்கி வருகிறவர்களை எல்லாம் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். கால் வலித்ததால் அம்புஜவல்லியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யாரையாவது தேடறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. சும்மா போட்டோ எடுக்க வந்தேன்."

அந்தப் பெண் அவள் முகத்தையும் போனையும் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். "தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான்ம்மா."

அந்தப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பாவம், யாருக்கோ காத்துக் கிடக்கிறது என்று அம்புஜவல்லிக்கு மனசு இளகியது. "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். "வர்றவங்களோட சேர்ந்து சாப்பிடலாம்னு இருக்கேன்."

அம்புஜவல்லி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். போட்டோக்களைக் குழுவில் போட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதினாள்.

கறந்த பால் மடிக்கு ஏறாது என்பது போல, கெட்டுப்போன விளையாட்டு மறுபடி கூடவில்லை. பொம்மை என்று சொல்லித் திசை திருப்பியதே இனியாதான் என்று சுப்புராயன் சார் ஒருநாள் எழுதிவிட்டார். அவளுக்கு ரோஷம் வந்தது. "உங்க ஐந்து நிலத்தவிட என் பொம்மை மேல் சார்" என்றாள். அம்புஜவல்லி குறுக்கே புகுந்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இனியா சொன்னதுதான் சரி, பொம்மை என்னிடம்தான் இருக்கிறது என்று. விரல் எழுத்துக்கு மேலேயே நின்றது. எழுதவில்லை. அன்றைக்கே இனியா குழுவை விட்டுப் போய்விட்டாள். சேரன் வேறு ஏதோ விளையாட்டில் சேர்ந்துகொண்டு, சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினான்.

சித்திரை பிறந்ததும் வேல்விழியின் பக்கத்தில் ஒரு வாசகம் வந்தது: 'வேல்விழி இறங்கினாள். யாரும் வரவில்லை. வண்டி போய்விட்டது. விளையாட்டு முடிந்தது.' அதைப் பார்த்த சுப்புராயன் சார், "இது சுத்த ஏமாற்று வேலை. விடை இல்லாத புதிர் வைத்து நம் நேரத்தைக் கெடுத்திருக்கிறார்கள்" என்று நீளமாக எழுதிவிட்டு அவரும் போனார். குழுவில் மீதி அவளும் அன்பரசனும். சைட் மாற்றிவிட்டார்கள், வேலை அதிகம் என்று அவன் எப்போதாவது ஒரு வரி அனுப்புவான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மத்தியான நேரம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து பொம்மையை எடுத்தாள். பழைய துணியில் சுற்றித் தரையில் ஒரு தட்டு தட்டினாள். வயிறு பிளந்துகொண்டது. உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பீங்கான் பட்டை. நீல நிறத்தில் எழுதிச் சுட்டிருந்தார்கள்.

'பங்குனி முழுக்க, வெள்ளிதோறும் சாயங்காலம், விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வெளி வாசலில் காத்திருப்பேன். ஐந்து பேரும் சேர்ந்து வாருங்கள். ஒருவர் குறைந்தாலும் நான் வேல்விழி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை அல்லவா? பார்ப்பதுதான் பரிசு. சேர்ந்து சாப்பிடுவோம்.'

அம்புஜவல்லி அதைப் படித்தாள். ஒரு தடவை படித்தால் போதுமானதாக இருந்தது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "ஆதார் ஒரு காப்பிம்மா" என்றார்கள். எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு பக்கமும் எடுத்தாள். கை பழகிய வேலையைச் செய்தது, கண்ணிலிருந்து தண்ணீர் மெஷின் கண்ணாடி மேல் சொட்டி அந்த ஆளின் முகம் நகலில் கறையோடு விழுந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். யாரைப் போகவிடக் கூடாது என்று இத்தனையும் செய்தாளோ, அவர்களை எல்லாம் அவள் ஊருக்கே வரவழைக்கிற சீட்டு மாசியிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னபோதெல்லாம் அவள் அதை யாரோ ஒரு முட்டாளைப் பற்றிய பேச்சு என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜங்ஷனுக்குப் போனாள். பங்குனி போய்விட்டது, யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போகிற இடங்கள் மனுஷருக்கு இருக்கின்றன, சுடுகாடு மாதிரி. அதே பெஞ்சில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரமாக இடம் கேட்டு உட்கார்ந்து, குழுவைத் திறந்து, எல்லாவற்றையும் எழுதினாள். பொம்மை கிடைத்தது, ஒளித்தது, உடைத்தது, பட்டையில் இருந்தது, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு வந்தது. 'முடிஞ்சா எல்லாரும் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்' என்று கடைசியில் எழுதினாள். பட்டையையும் படம் எடுத்துப் போட்டாள்.

இனியாவுக்கும் தனியாக அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "பரவால்லக்கா. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. அடுத்த மாசம் கல்யாணம், பத்திரிகை அனுப்புறேன்." கோபப்பட்டிருந்தால்கூட ஒட்டிக்கொள்ள ஒரு இடம் இருந்திருக்கும். சேரனுக்கு அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. சுப்புராயன் சாருக்கும் அனுப்பினாள்; சற்று நேரத்தில் அவர் முகப்படம் காணாமல் போயிற்று, அவளை பிளாக் செய்துவிட்டார்.

அன்பரசன் குரல் அனுப்பினான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை, அறையில் இருந்தான் போல.

"அக்கா. பங்குனில எனக்கு லீவு குடுத்தாங்க. நல்லூர்ல அம்மா போனதுலேர்ந்து வூடு பூட்டிக் கெடக்குது. ஊருக்கு வந்தா யாரப் பாக்குறது, பூட்டயான்னுட்டு நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்த வான்னு சொல்லியிருந்தா வந்துருப்பேன்க்கா. பொம்மைலாம் எனக்கு வேணாம். சரி வுடுங்க. ஒங்க மேல தப்புன்னு சொல்லல. இனிமே அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான்."

அதோடு குரல் முடிந்தது. அவள் காத்திருந்தாள். எப்போதும் கடைசியில் அவன் கேட்கிற கேள்வி தனியாக வரும் என்று நினைத்தாள். வரவில்லை. விட்டுப்போயிருக்குமோ என்று முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டாள். அதில் அந்தக் கேள்வி இல்லை. கொஞ்ச நேரத்தில் அன்பரசன் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. குழுவில் இப்போது அவள் மட்டும் இருந்தாள்.

வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். பெஞ்சிலிருந்த குடும்பம் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறப் போனது. அந்த வீட்டுக்காரி போகிற போக்கில், "நகுந்து நல்லா ஒக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன் அடித்தது. அவசரமாக எடுத்தாள். கலியமூர்த்தி.

"எங்க இருக்க? சோறு ஆச்சா?"

"தோ வந்துர்றேன்" என்றாள் அம்புஜவல்லி. "வந்து வடிச்சிடுறேன்."